மானுக்கும் கரடிக்கும் ஒரு துப்பாக்கி

ஹொக்கைடோவின் ஒபிஹிரோ நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஹதாகேதா, உள்ளே நுழைகிறவர் யாரானாலும் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அந்த ஜனவரி மாதக் காலையில் இவாபுச்சி மிஹோவுக்கு அவர் தேநீர் கொடுக்கவில்லை. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தார், அவ்வளவுதான்.

"சொல்லு."

"ஒரு ரைஃபிள் வேணும். ஒண்ணே ஒண்ணுதான். மானுக்கும் அதுவே, கரடிக்கும் அதுவே."

"ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டு மாட்டுக் கொட்டாய்லயும் நடக்கணும், கல்யாண வீட்டுலயும் நடக்கணுங்கறே."

"எங்க ஊர்ல எனக்குக் கல்யாணத்துக்குச் சொல்றதை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. கொட்டாய்க்குச் சரியா இருந்தா போதும்."

மிஹோவுக்கு நாற்பத்தொரு வயது. நுப்பனாய் என்ற சிற்றூரில் அப்பா விட்டுப்போன நாற்பது கறவை மாடுகளை ஒற்றை ஆளாக வைத்துப் பார்க்கிறாள். ஷாட்கன் உரிமம் வாங்கிப் பத்து வருடம் எந்தப் புகாரும் இல்லாமல் இருந்தவருக்குத்தான் ரைஃபிள் என்பது சட்டம். அவளுக்கு அந்தப் பத்தாவது வருடம் புத்தாண்டோடு முடிந்திருந்தது. முதலில் எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்ய வேண்டும். அதன் எண்ணை எழுதித்தான் காவல் நிலையத்தில் விண்ணப்பிக்க முடியும். அனுமதி வந்த பிறகு, 'இது கனக்கிறது, வேறு கொடு' என்று கடைக்குத் திரும்பி வர முடியாது. அவளுக்கு ஒன்றுக்கு மேல் வாங்க வசதியும் இல்லை.

ஹதாகேதா கண்ணாடி அலமாரியிலிருந்து நீளமான ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேக்னம் ரகம், பெரிய தோட்டா போடுவது.

"உங்க ஊர்க் கரடி அணி மகாபே-சான் வச்சிருக்கறது இதேதான். முப்பத்திரண்டு கரடி. அதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?"

மிஹோ பனிக்கோட்டைக் கழற்றாமலே அதைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். மேலே பொருத்திய ஸ்கோப்பின் கண்ணாடிக்குள் கறுப்பு வளையம்தான் தெரிந்தது. கழுத்தை முன்னால் நீட்டித் தேடினால்தான் வெளிச்சம் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அப்படியே. கீழே வைத்தாள்.

"இது எனக்கு ஆகாது. நீளம் அதிகம். உதையும் அதிகம்."

"உதைக்குப் பயந்தா மாடு எப்படிக் கறக்கறே?"

"மாடு உதைக்கும்னு தெரியறதாலதான் அதுக்குப் பின்னாடி நிக்கறதில்லை. அந்த மூணு-சுழி-ஆறு ரகத்தை எடுங்க. துருப்பிடிக்காத எஃகுக் குழல். பின்கட்டை மரமா வேண்டாம், பனியில ஊறிப் போகும்."

"அது மான் துப்பாக்கி."

"நூறு வருஷமா எல்லா ஊர்லயும் கரடியையும் அதாலதான் சுட்டிருக்காங்க."

"கரடி முன்னாடி நின்னுக்கிட்டு, 'ஐயோ இன்னும் கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கலாமே'ன்னு யோசிக்கறதுக்கு நேரம் இருக்காது, பாத்துக்க."

"பெரிசா வச்சிருந்தவர் சுட்ட கரடிதானே மிகுனி-சானோட தோளைக் கடிச்சுது?"

ஹதாகேதா துணி ஒன்றை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத மேசையைத் துடைத்தார்.

அது போன அக்டோபரில் நடந்தது. மிஹோவின் சோளக்காட்டு ஓரத்தில் கரடி வந்து நின்றது. ஊராட்சி அலுவலகத்துக்குச் சொன்னாள். ஊரில் கரடி சுடும் அணியின் தலைவர் மகாபே மூன்று மணி நேரம் கழித்து ஆட்களோடு வந்தார். அதற்குள் ஒரு கன்று போயிருந்தது. நூற்றைம்பது மீட்டரிலிருந்து மகாபே சுட்டார். கரடி காலை இழுத்துக்கொண்டு மூங்கில்புல் காட்டுக்குள் புகுந்தது. மறுநாள் தடம் பிடித்துப் போன அணிக்காரர் மிகுனியின் மேல் புதருக்குள்ளிருந்து பாய்ந்தது. அவருடைய இடது கை இன்றும் தோளுக்கு மேலே எழாது. மிஹோ டிராக்டர் விளக்கைப் போட்டதால்தான் கரடி திரும்பியது, அதனால்தான் குறி தவறியது என்றார் மகாபே. ஊரும் அதையே சொன்னது.

ஊருக்கு அவள்மேல் அதற்கு முன்பே கோபம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் மகாபே சாலையில் நின்றுகொண்டு மானைச் சுட்டார். மானுக்கு நேர் பின்னால் பள்ளிக்கூட வேன் நிறுத்தும் கொட்டகை. பார்த்தது யார் என்று போலீஸ் கேட்டபோது, பார்த்ததை மிஹோ சொன்னாள். ஒன்றரை வருடம் மகாபேயின் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் கிடந்தன. அன்றிலிருந்து கூட்டுறவுப் பால் பண்ணையில் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஹதாகேதா அடுத்ததாக ஒரு பெரிய ஸ்கோப்பை எடுத்து வைத்தார். "ஐந்திலேர்ந்து இருபத்தஞ்சு மடங்கு. எதிர் மலையில மான் கொட்டாவி விடறது தெரியும்."

கடையின் மூலையில் ஆளுயர மரக்கரடி ஒன்று நின்றது. மிஹோ ஸ்கோப்பை ஐந்தில் வைத்து அதைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்கப் பழுப்பு நிறம்.

"என்ன தெரியுது?" என்றார் ஹதாகேதா.

"மரம். மூக்கா பின்பக்கமான்னு தெரியலை."

"ஆறு மீட்டர்ல யாரு சுடச் சொன்னா?"

"கரடியைக் கேட்டு வச்சுக்கலாமா, எத்தனை மீட்டர்ல வரும்னு?"

இரண்டிலிருந்து பத்து மடங்கு வரை போகும் சின்ன ஸ்கோப் ஒன்றை அவளே அலமாரியில் காட்டினாள். இரண்டில் வைத்தால் கரடி முழுசாகத் தெரிந்தது, பக்கத்துச் சுவரும் தெரிந்தது. பத்தில் வைத்து ஜன்னல் வழியே தெருக்கோடி அஞ்சல் பெட்டியைப் பார்த்தாள். அதன் பூட்டு தெரிந்தது. மேய்ச்சல் நிலத்துக்கு அக்கரையில் நிற்கும் மானுக்கு அது போதும்.

கடைசியாகத் தோட்டா. காட்டில் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மான் குடலைத் தின்ற கடற்கழுகுகள் ஈயம் ஏறிச் செத்ததிலிருந்து ஹொக்கைடோவில் செம்புக் குண்டுதான். ஆனால் சுடுதளத்தில் ஈயம் சுடலாம், யாரும் கேட்பதில்லை.

"பெர்மிட் வந்ததும் வா. ரேஞ்சுல, குறி வச்ச எடத்துல குண்டு விழற மாதிரி ஸ்கோப் சரிபண்ண ஈயம் தர்றேன், பாதி விலை. காட்டுக்கு ரெண்டு டப்பா செம்பு போதும். எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க."

"நூத்தி அறுபத்தஞ்சு கிரெயின் எடை, செம்பு. அஞ்சு டப்பா. எதைக் காட்டுல சுடுவேனோ அதைத்தான் ரேஞ்சுலயும் சுடுவேன்."

"அஞ்சு டப்பாவா? ஒரு தோட்டா ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் விலைம்மா."

"அந்தக் கிண்ணத்தைச் சாப்பிடாம இருந்துக்கறேன்."

துப்பாக்கியின் எண்ணை எழுதிக் கொடுக்கும்போது ஹதாகேதா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "துப்பாக்கி என்னால விக்க முடியும். அணியில எடம் என்னால குடுக்க முடியாது."

அவள் வந்தது அதற்காகத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நுப்பனாயில் கரடி தென்பட்டால் அணியில் இருப்பவர்தான் சுடலாம். அணியில் இல்லாதவர், தன் சொந்தக் கொட்டாய் வாசலில் கரடி நின்றாலும், கையில் ரைஃபிள் இருந்தாலும், தொலைபேசியை எடுத்து மகாபேயைத்தான் கூப்பிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரமோ, அதற்கு மேலோ.

*

காவல் நிலையத்திலிருந்து அதிகாரி வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போனார். பக்கத்துப் பண்ணைக்காரி, "குடிக்க மாட்டா, சண்டை போட மாட்டா. ஆனா மன்னிக்கவும் மாட்டா" என்று சொன்னதாகக் கேள்வி. மார்ச் முடிவில் அனுமதி வந்தது. பனி கரைந்து சுடுதளம் திறந்ததும் மிஹோ பால் கறந்து முடித்துவிட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். நான்கு நாளும் செம்பையே சுட்டாள்.

மே மாதக் கடைசியில் மகாபே தொலைபேசியில் கூப்பிட்டார். வணக்கம் ஏதுமில்லை.

"அணியில சேர நீ குடுத்த விண்ணப்பத்தை ஊராட்சியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. நான் முத்திரை போட்டாத்தான் செல்லும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சுக்கு வா. நூறு மீட்டர், அஞ்சு தோட்டா, நாலு வட்டத்துக்குள்ள போகணும். போகலைன்னா அடுத்த வருஷம். அடுத்த வருஷமும் நான்தான் தலைவர்."

"நீங்க எழுதின விதியெல்லாம் இன்னும் அதேதானே?"

"என் விதி எப்பவும் மாறாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அணியில் ஐந்து பேர். மகாபேக்கு அறுபத்து நான்கு வயது. மரவெட்டியாக இருந்தவர், குட்டையான, அகன்ற உடம்பு. மிகுனி அவருடைய பள்ளித் தோழர். நுகாதா என்பவர் அஞ்சல்காரர், அதிகம் பேசாதவர். மற்ற இரண்டு பேர் உருளைக்கிழங்கு விவசாயம் செய்யும் அண்ணன் தம்பி. அவள் வண்டியை நிறுத்தியபோது ஐந்து பேரும் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

மகாபே அவள் துப்பாக்கியை எட்டிப் பார்த்தார். "ஹோ. பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் பெட்டி மாதிரி ஒரு ஸ்கோப்."

கிழங்குக்காரத் தம்பி சிரித்தான். "கரடி இதைப் பாத்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சே செத்துரும், தலைவரே. தோட்டா மிச்சம்."

நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டின் முன்னால் வெள்ளை அட்டை. அதில் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். விரிப்பில் படுக்கப் போன மிஹோ நின்றாள்.

"நாலாவது விதி, மகாபே-சான்."

"என்ன?"

"புது ஆளைச் சோதிக்கறவர் முதல்ல சுடணும். காட்டுக்குக் கொண்டு போற பையிலேர்ந்து எடுத்த தோட்டாவுல. நீங்க எழுதினது."

அது உண்மை. பதினைந்து வருடத்துக்கு முன் தலைவரானபோது, தான் செய்ய முடியாததைப் பிறரிடம் கேட்கக் கூடாது என்று மகாபே தன் கையால் எழுதிச் சங்க அறையில் ஒட்டியது. கடைசியாகப் புது ஆள் என்று வந்தது நுகாதா. அதற்கே ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

மகாபே கை தட்டிச் சிரித்தார். "முப்பத்திரண்டு கரடி சுட்டவனுக்கு நீ பரீட்சை வைக்கறியா? சரி, பாத்துக்க. கத்துக்க."

இடுப்புப் பையிலிருந்து ஐந்து செம்புத் தோட்டாக்களை எடுத்தார். விரிப்பில் படுத்தார். அவருடைய மேக்னத்தின் மேல் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய நீண்ட ஸ்கோப். மூச்சை விட்டு நிறுத்துவதும், விரல் விசையில் அழுந்துவதும் பார்க்கவே அழகாக இருந்தன. மிஹோ அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். மண்மேடு அதிர்ந்தது.

நுகாதா முக்காலியில் வைத்த தூரக்கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியைத் திருகிச் சரிசெய்து மறுபடி பார்த்தார்.

"என்னய்யா?" என்றார் மகாபே.

"வெளியே. இடது, கீழே."

"உன் கண்ணாடியைத் துடை."

இரண்டாவது. "வெளியே. முதல் ஓட்டைக்குப் பக்கத்துலயே."

மூன்றாவதும் அங்கேயே போனது. நான்காவது மட்டும் வட்டத்தின் விளிம்பைக் கிழித்தது. ஐந்தாவது மறுபடி வெளியே. எல்லா ஓட்டைகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். அந்த உள்ளங்கைதான் வட்டத்தின் நடுவைவிட்டு அரைச் சாணுக்கு மேல் தள்ளி இருந்தது. சுட்டவனின் கையில் குறை இல்லை என்பது துப்பாக்கி பிடித்த எவருக்கும் தெரியும்.

மகாபே எழுந்தார். "ஸ்கோப் திருகு கழண்டிருக்கு. வண்டியில அடிபட்டிருக்கும்."

திருகுகளை நுகாதா விரலால் தொட்டுப் பார்த்தார். "இறுக்கமாத்தான் இருக்கு."

"காத்து."

காற்று இல்லை. அட்டைக்குப் பக்கத்தில் நட்டிருந்த சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

மிஹோ கேட்டாள்: "அந்த ஸ்கோப்பை எந்தத் தோட்டாவுல சரிபண்ணினீங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

"ஈயத்துலயா?"

"எல்லாரும் ஈயத்துலதான் சரிபண்றோம்!" என்று கத்தினார் மகாபே. "குண்டு குண்டுதான். எல்லாம் ஒரே குழல் வழியாத்தானே போகுது?"

"ஒரே குழல்தான். போய்ச் சேர்ற எடம் வேற. ஈயம் வட்டத்துல விழுது, செம்பு அங்க விழுது. அஞ்சு தடவை சுட்டுக் காட்டினீங்களே."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மிகுனி எழுந்து வந்தார். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. தூரக்கண்ணாடியில் குனிந்து பார்த்தார். நிமிர நெடுநேரம் எடுத்தார்.

"யசுசோ," என்றார். மகாபேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் உரிமை. "அன்னைக்குக் கரடி எத்தனை மீட்டர்ல நின்னுது?"

"இவ விளக்கைப் போட்டா. அது திரும்பிச்சு."

"எத்தனை மீட்டர்னு கேட்டேன்."

"நூத்தைம்பது இருக்கும்."

"நூறுல இவ்வளவு கீழேன்னா நூத்தைம்பதுல எவ்வளவு? நீ நெஞ்சைப் பாத்துத்தான் சுட்டிருப்பே. முன்னங்கால்ல விழுந்திருக்கு." மிகுனி வலது கையால் தன் தோளைப் பிடித்துக்கொண்டார். "போன ரெண்டு வருஷமா நீ சுட்ட மானெல்லாம் கால் ஒடிஞ்சுதான் விழுந்துது. வயசாயிடுச்சு, கண்ணு மங்குதுன்னு சொன்னே. நானும் நம்பினேன். எட்டு மாசமா ஊர்ல போற வர்றவங்ககிட்ட எல்லாம் இவ விளக்கைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்."

மகாபேயின் கழுத்து சிவந்தது.

மிகுனி மிஹோவின் பக்கம் திரும்பினார். வருத்தம் தெரிவிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, ஒரு கணம் நிமிர்ந்து நின்றாள். அவர் கேட்டது வேறு. "உனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"தெரியாது. ஜனவரியில கடையில, எல்லாரும் ஈயத்துலதான் சரிபண்றாங்கன்னு ஹதாகேதா-சான் சொன்னார். அப்போதான் சந்தேகம் வந்துது."

"ஜனவரியிலயே சந்தேகப்பட்டே. மே மாசம் வரைக்கும் பொத்தி வச்சிருந்து, எல்லார் முன்னாடியும் அவுத்து விட்டே."

"நான் ஜனவரியில சொல்லியிருந்தா உங்கள்ல யார் கேட்டிருப்பீங்க?"

கிழங்குக்கார அண்ணன் தன் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து, ஸ்கோப்பைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான். நுகாதா தன் இடுப்புப் பையைத் திறந்து மூடினார். ஐந்து பேரும் ஈயத்தில் சரிபார்த்தவர்கள்தான். குண்டு எங்கே போகும் என்று ஐந்து பேருக்கும் அந்த நிமிடத்தில் தெரியவில்லை. அதைத் தெரிய வைத்தவள்மேல் இருந்த வெறுப்பு, அவர்கள் முகத்தில் காலையில் இருந்ததைவிட இப்போது கூடித்தான் இருந்தது.

"திருப்தியா?" என்றான் தம்பி.

"நான் இன்னும் சுடலை," என்றாள் மிஹோ.

புது அட்டை மாட்டினார்கள். விரிப்பில் படுத்தாள். ஸ்கோப்பைப் பத்துக்குத் திருப்பினாள். முதல் தோட்டா உள்ளே. இரண்டாவது உள்ளே. மூன்றாவது, நுகாதா எந்த உணர்ச்சியும் இல்லாமல் "உள்ளே" என்றார். நான்காவதுக்கு அவள் மூச்சை நிறுத்தியபோது பின்னாலிருந்து மகாபே மெதுவாகச் சொன்னார்:

"இதையும் போலீசுக்கு எழுதிக் கொடுப்பியா?"

விரல் இழுத்துவிட்டது.

"வெளியே. மேலே, வலது."

"தலைவரே, சுடறப்ப பேசாதீங்க," என்றார் நுகாதா. அன்று அவராகப் பேசியது அது ஒன்றுதான்.

மிஹோ துப்பாக்கியைக் கீழே வைத்தாள். கையை இரண்டு முறை விரித்து மூடினாள். அப்பா போன பிறகு எத்தனையோ பனிக்காலக் காலைகளில், கன்று குறுக்கே கிடந்து தாய்மாடு கத்தும்போது, யாரையும் கூப்பிட வழியில்லாமல் தனியாக உள்ளே கை விட்டுத் திருப்பியிருக்கிறாள். அப்போதும் முதலில் இப்படித்தான் கையை விரித்து மூடிக்கொள்வாள். துப்பாக்கியை மறுபடி தோளில் வைத்தாள். ஐந்தாவதைச் சுட்டாள்.

நுகாதா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உள்ளே. நாலு."

மகாபே அட்டையைக் கொண்டுவரச் சொல்லித் தானே வாங்கிப் பார்த்தார். நான்கு ஓட்டைகளின் மேலும் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தார். ஏதாவது ஒன்று விளிம்பைத் தொட்டிருக்காதா என்று தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றும் தொடவில்லை. வண்டிக்குப் போய் விண்ணப்பத்தையும் முத்திரையையும் எடுத்து வந்தார். வண்டியின் முன்மூடிமேல் தாளை வைத்தார். முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"புதருக்குள்ள போனா முன்னாடி நடக்கறது நீ. நான் பின்னாடி. பயமா இருந்தா இப்பவே சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன்."

"பயமாத்தான் இருக்கு. கரடிகிட்ட இல்லை. பின்னாடி வர்ற உங்க துப்பாக்கி எங்க சுடும்னு தெரியலை. அதைச் சரிபண்ணிட்டு வாங்க."

முத்திரை விழுந்தது. காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. மகாபே மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் செம்பை எடுங்க. இன்னைக்கே சரிபண்ணணும். மூங்கில்புல் தளிர்விட்டாச்சு, இந்த வாரமே எங்கேயாவது கூப்பிடுவாங்க." பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "புது ஆள்தான் அட்டை மாத்தணும். அதுவும் விதிதான். அந்தக் காகிதத்துல ஏழாவது. படிச்சிருப்பியே."

படித்திருந்தாள். புது அட்டைக் கட்டையும் ஆணி டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். ஐந்து துப்பாக்கிகள் விரிப்புகளின் மேல் அவள் நடக்க வேண்டிய திசையைப் பார்த்துக் கிடந்தன. அவள் நகரவில்லை.

"போல்ட்டைத் திறங்க," என்றாள். "உள்ள தோட்டா இல்லைன்னு நான் பாக்கணும்."

மிகுனி ஒற்றைக் கையால் தன்னுடையதைத் திறந்தார். நுகாதாவும் அண்ணன் தம்பியும் திறந்தார்கள். மகாபே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிஹோ அட்டைக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மலையடிவாரத்தில் எங்கோ குயில் கூவியது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கடைசியில் அவர் குனிந்து போல்ட்டைப் பின்னால் இழுத்தார். காலியான தோட்டா அறை தெரிந்தது. மிஹோ பக்கத்தில் போய் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, அந்த நூறு மீட்டரையும் அவசரப்படாமல் நடந்தாள்.